வளைய டிஎன்ஏவின் வெட்டிடங்களை வரைபடமாக்குதல்: நீலகிரி ஆய்வகங்களுக்கான செய்முறை விளக்கம்

நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிலும் உருளைக்கிழங்கு வயல்களிலும் எடுத்த மண்ணிலிருந்து பாக்டீரியாக்களைப் பிரித்து வளர்க்கும் முதுகலை மாணவர்களில் சிலருக்கு, அந்தப் பாக்டீரியாவுக்குள் குரோமோசோமைத் தவிர ஒரு சிறிய வளைய டிஎன்ஏவும், அதாவது பிளாஸ்மிடும், இருப்பது தெரியவரும். அதன் முழு நீளம் எவ்வளவு, எந்த நொதி அதை எங்கெங்கே வெட்டும், ஒரு வெட்டிடத்துக்கும் அடுத்த வெட்டிடத்துக்கும் இடையே எத்தனை கார இணைகள் (டிஎன்ஏவின் இரு இழைகளையும் இணைக்கும் எழுத்துச் சோடிகள்; இவையே நீளத்தின் அலகு) உள்ளன என்பவற்றை ஒரு வட்டத்தின் மேல் குறித்துக் காட்டுவதே ரெஸ்ட்ரிக்‌ஷன் வரைபடம். மாதிரியைச் சமவெளிக்கு அனுப்பி முழு வரிசையையும் படித்து வாங்கிவிட இன்று வழி இருக்கிறது. ஆயினும், குழாயில் இருப்பது ஒரே பிளாஸ்மிடுதானா, செருகிய மரபணு சரியான திசையில் சேர்ந்திருக்கிறதா என்பன போன்ற கேள்விகளுக்கு ஒரே நாளில் சொந்த மேசையிலேயே விடை காண இதைவிட நேரடியான முறை இல்லை. ஜெல் என்னும் கூழ்ப்படலத்தில் மின்சாரத்தால் நீளவாரியாகப் பிரிந்து நிற்கும் டிஎன்ஏ துண்டுகளின் பட்டைகளைப் பார்த்துக் கணக்கிட்டு முடிவுக்கு வரப் பழகிய மாணவர், பின்னாளில் கணினி தரும் வரிசையில் பிழை இருந்தாலும் அதைக் கண்டுகொள்வார் என்பது என் உறுதியான கருத்து. ஆகவேதான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இங்கே சொல்லப்படும் முறை ஏறத்தாழ 3,000 முதல் 12,000 கார இணை வரை நீளமுள்ள வளையங்களுக்குப் பொருந்தும். தேயிலைச் செடியின் பசுங்கணிகத்தில் உள்ள டிஎன்ஏவும் வளையமாகவே குறிக்கப்படுகிறது என்றாலும், அது சுமார் 1,57,000 கார இணை நீளமுடையது. அதன் பெரிய துண்டுகளைச் சாதாரண அகரோஸ் ஜெல் பிரித்துக் காட்டாது.

வட்டத்தின் கணக்கு

நேரான ஒரு டிஎன்ஏவை ஓர் இடத்தில் வெட்டினால் இரண்டு துண்டுகள் கிடைக்கும். வளையத்தை ஓர் இடத்தில் வெட்டினால் அது விரிந்து ஒரே நேர்த்துண்டாக மாறுமே தவிர இரண்டாகாது. ஆகவே வளைய டிஎன்ஏவில் வெட்டுகளின் எண்ணிக்கையும் துண்டுகளின் எண்ணிக்கையும் எப்போதும் சமம். இரண்டாவது விதியும் இதே அளவு எளியது: எந்த நொதியால் வெட்டினாலும், எத்தனை நொதிகளைச் சேர்த்து வெட்டினாலும், கிடைக்கும் துண்டுகளின் நீளங்களைக் கூட்டினால் வளையத்தின் முழு நீளம் வர வேண்டும். வரைபடம் வரையும் வேலை முழுவதும் இந்த இரண்டு விதிகளின் மேல்தான் நிற்கிறது. ஏதேனும் ஒரு குழாயின் கணக்கு இவற்றுக்கு ஒத்துவராதபோது, மேலே செல்லாமல் அங்கேயே நின்று காரணத்தைத் தேட வேண்டும்.

வட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் இல்லாததால், எண்ணத் தொடங்குவதற்கான புள்ளியை நாமே நிறுவிக்கொள்ள வேண்டும். வளையத்தை ஒரே ஓர் இடத்தில் வெட்டும் நொதி ஒன்று கிடைத்தால், அந்த வெட்டிடத்தைப் பூச்சியமாகக் கொள்வதே வழக்கம். இந்த வழக்கம் முறை பிறந்த காலத்திலேயே வந்துவிட்டது. 1971-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேத்லீன் டானாவும் டேனியல் நேத்தன்ஸும், ஹாமில்டன் ஸ்மித் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸே என்னும் பாக்டீரியாவிலிருந்து பிரித்திருந்த நொதியைக் கொண்டு எஸ்வி40 என்ற குரங்கு வைரஸின் வளைய டிஎன்ஏவை வெட்டி, அதை ஜெல்லில் 11 துண்டுகளாகப் பிரித்துக் காட்டினார்கள். 1973-இல் அத்துண்டுகளை வட்டத்தில் வரிசைப்படுத்தி வெளியிட்டபோது, அந்த வைரஸின் டிஎன்ஏவை ஒரே இடத்தில் வெட்டும் ஈகோஆர்-1 நொதியின் வெட்டிடத்தையே தொடக்கமாக வைத்தார்கள். நேத்தன்ஸ், ஸ்மித், வெர்னர் ஆர்பர் ஆகிய மூவருக்கும் 1978-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

பிளாஸ்மிடைத் தயாரித்தல்

பாக்டீரியா வளர்ப்பிலிருந்து பிளாஸ்மிடைப் பிரிக்கக் காரச் சிதைப்பு முறையே, அதாவது காரத்தன்மையுள்ள கரைசலால் செல்களை உடைக்கும் முறையே, போதுமானது. அதன் படிகள் எல்லாச் செய்முறைக் கையேடுகளிலும் உள்ளன. மலையில் செய்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். அந்த முறையின் இரண்டாவது கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடுடன் எஸ்டிஎஸ் என்னும் சோப்புப் பொருள் இருக்கிறது. அறை வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் எஸ்டிஎஸ் வெண்மையான திரளாகப் படிந்துவிடும். உதகையிலும் குன்னூரிலும் மார்கழி, தை மாதங்களில் மட்டுமன்றி மழைக்காலக் காலை நேரங்களிலும் இது நடக்கும். கலங்கிய கரைசலை அப்படியே பயன்படுத்தினால் செல்கள் முழுமையாக உடையாமல் டிஎன்ஏவின் அளவு குறைந்துவிடும். புட்டியை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்து, கரைசல் முற்றிலும் தெளிந்த பிறகே எடுக்க வேண்டும்.

ஆர்என்ஏவை ஆர்என்ஏஸ் நொதியால் நீக்கிவிடுவது அவசியம். அது எஞ்சியிருந்தால் ஜெல்லின் அடிப்பகுதியில் அகன்ற ஒளிப்புகையாகப் படர்ந்து, 500 கார இணைக்குக் குறைவான சிறு துண்டுகளை மறைத்துவிடும். சிறு துண்டு ஒன்று கண்ணில் படாமல் போனால் கூட்டல் கணக்கு தவறிவிடும். டிஎன்ஏவை வீழ்படிவாக்கப் பயன்படுத்திய ஆல்கஹால் எச்சமும் நன்றாக உலர வேண்டும். பனிமூட்டமும் ஈரக்காற்றும் உள்ள நாட்களில் திறந்த குழாயை மேசையில் வைத்து உலர்த்த நேரமாகும் என்பதால், 37 டிகிரி வெப்பப் பெட்டியில் மூடியைத் திறந்து வைப்பது நல்லது.

நொதியால் வெட்டுதல்

முதல் வரைபடத்துக்கு ஆறு காரங்கள் கொண்ட இடத்தை அடையாளம் காணும் நொதிகளையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஈகோஆர்-1 என்பது ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற வரிசையையும், பாம்எச்-1 என்பது ஜி-ஜி-ஏ-டி-சி-சி என்ற வரிசையையும், ஹிண்ட்-3 என்பது ஏ-ஏ-ஜி-சி-டி-டி என்ற வரிசையையும் தேடிச்சென்று வெட்டும். ஆறு காரங்களின் குறிப்பிட்ட ஒரு வரிசை தற்செயலாக அமைவதற்கான வாய்ப்பு 4,096-இல் ஒன்று என்பதால், சில ஆயிரம் கார இணை நீளமுள்ள வளையத்தில் இந்நொதிகள் ஓரிரு இடங்களில் மட்டுமே வெட்டும் என்று எதிர்பார்க்கலாம். நான்கு காரங்களை அடையாளம் காணும் நொதிகள் சராசரியாக 256 கார இணைக்கு ஒருமுறை வெட்டி ஏராளமான சிறு துண்டுகளைத் தருவதால், தொடக்கத்தில் அவற்றைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

ஒரு குழாயில் மொத்தம் 20 மைக்ரோலிட்டர் கலவை போதும். அதில் பிளாஸ்மிட் டிஎன்ஏ 500 நானோகிராம், பத்து மடங்கு செறிவுள்ள பஃபர் (நொதிக்கு ஏற்ற உப்பும் அமிலநிலையும் தரும் கரைசல்) 2 மைக்ரோலிட்டர், நொதி 1 மைக்ரோலிட்டர் சேர்த்து, மீதியைத் தூய நீரால் நிரப்ப வேண்டும். நொதியைக் கடைசியாகவே சேர்க்க வேண்டும். ஒரு யூனிட் நொதி என்பது 1 மைக்ரோகிராம் லாம்டா டிஎன்ஏவை (பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா வைரஸின் டிஎன்ஏவை) ஒரு மணி நேரத்தில் முழுமையாக வெட்டும் அளவாகும். முறுக்கேறிய பிளாஸ்மிடை வெட்ட அதைவிடக் கூடுதலான நொதி தேவைப்படலாம் என்பதால் 5 முதல் 10 யூனிட் வரை சேர்ப்பது பாதுகாப்பானது. ஆனால் நொதியின் கொள்ளளவு மொத்தக் கலவையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நொதிகள் 50 சதவீத கிளிசராலில் வருகின்றன. கலவையில் கிளிசரால் 5 சதவீதத்தைத் தாண்டினால் ஈகோஆர்-1 போன்ற நொதிகள் தமக்குரிய வரிசையைத் தவிர அதை ஒத்த வரிசைகளையும் வெட்டத் தொடங்கும். அப்போது ஜெல்லில் தோன்றும் கூடுதல் பட்டைகளுக்கு எந்தக் கணக்கும் பொருந்தாது.

இதே கோளாறு குளிர்ந்த அறையில் வேறொரு வழியாகவும் நேரும். குழாயின் அடிப்பகுதி 37 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது, 14 அல்லது 15 டிகிரிக் காற்று படும் மூடியின் உட்புறத்தில் நீராவி துளிகளாகப் படியும். 20 மைக்ரோலிட்டரில் 5 மைக்ரோலிட்டர் நீர் மூடிக்குப் போய்விட்டால், அடியில் எஞ்சும் கலவையில் உப்பும் கிளிசராலும் செறிந்துவிடும். மூடியையும் சூடாக்கும் பிசிஆர் கருவி இருந்தால் அதிலேயே வெட்டை நடத்தலாம்; இல்லையென்றால் குழாய்களை நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டுத் தொட்டியை மூடிவைத்து, இடையில் ஒருமுறை குழாய்களைச் சுழற்றித் துளிகளைக் கீழே இறக்க வேண்டும். 25 டிகிரியில் வேலை செய்யும் எஸ்எம்ஏ-1 போன்ற நொதிகளைப் பற்றியும் ஒரு சொல்: சமவெளிக் கையேடுகள் அறை வெப்பநிலையில் வைக்கச் சொல்வதை நம்பி இங்கே மேசையில் வைத்துவிட்டால் வெட்டு பாதியிலேயே நின்றுவிடும், அதற்கும் வெப்பப் பெட்டி தேவை.

தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து மின்சாரம் நிற்பது மலையில் வழக்கமான ஒன்று. வெட்டு நடக்கும்போது மின்சாரம் நின்றால் டிஎன்ஏவுக்குத் தீங்கில்லை. வேகம்தான் குறையும், மின்சாரம் வந்தபின் இழந்த நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். நொதிகளின் நிலைதான் கவலைக்குரியது. அவற்றை எப்போதும் உறைவிக்கும் குளிர்கட்டையோடு சேர்த்தே மைனஸ் 20 டிகிரிப் பெட்டியில் வைக்க வேண்டும்; மின்சாரம் இல்லாத நேரத்தில் பெட்டியைத் திறக்கக் கூடாது.

ஒரு பிளாஸ்மிடுக்கு முதல் சுற்றில் தேவைப்படும் குழாய்கள் ஏழு: வெட்டப்படாதது ஒன்று, ஒற்றை நொதி சேர்த்தவை மூன்று, இரண்டிரண்டு நொதிகளாகச் சேர்த்தவை மூன்று. இரட்டை வெட்டுக்கு, இரு நொதிகளும் நன்றாகச் செயல்படும் பஃபரை நொதி நிறுவனத்தின் அட்டவணையில் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொதுவான பஃபர் இல்லாவிட்டால் குறைந்த உப்பில் வேலை செய்யும் நொதியை முதலில் பயன்படுத்திவிட்டு, பிறகு உப்பைக் கூட்டி அடுத்த நொதியைச் சேர்க்கலாம். வெட்டை நிறுத்த 65 டிகிரி வெப்பம் ஈகோஆர்-1 நொதிக்குப் போதும். பாம்எச்-1 அதற்கு அடங்காது. இடிடிஏ கலந்த ஏற்றுச் சாயத்தைச் சேர்த்தால் நொதிகளுக்குத் தேவையான மக்னீசியம் பிடிக்கப்பட்டு அவை எல்லாம் நின்றுவிடும் என்பதால் நான் அதையே பரிந்துரைக்கிறேன்.

ஜெல் வார்த்தலும் ஓட்டுதலும்

ஆயிரம் முதல் பத்தாயிரம் கார இணை வரையுள்ள துண்டுகளைப் பிரிக்க 0.8 அல்லது 1 சதவீத அகரோஸ் ஏற்றது. 50 மில்லிலிட்டர் டிஏஇ பஃபரில் 0.5 கிராம் அகரோஸ் இட்டுக் கொதிக்கவைத்தால் 1 சதவீத ஜெல் கிடைக்கும். உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே நீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அகரோஸ் உருகுவதற்கு அந்த வெப்பம் போதும். ஆனால் சமவெளியைப்போல் விரைவில் கரையாது. பொங்கிவிட்டது என்பதற்காக எடுத்துவிடாமல், குடுவையைச் சுழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கண்ணாடித் துகள் போன்ற மணிகள் ஒன்றும் மிதக்கவில்லை என்று உறுதியான பிறகே இறக்க வேண்டும். நீண்ட நேரம் கொதித்ததில் நீர் ஆவியாகிச் செறிவு கூடியிருக்கும். குடுவையை முன்பும் பின்பும் எடைபோட்டு, குறைந்த எடைக்குச் சுடுநீர் சேர்த்து ஈடுசெய்யலாம்.

குளிர்ந்த தட்டில் ஊற்றிய அகரோஸ் ஒரு பக்கம் முன்னதாக உறைந்து மேடுபள்ளமாகிவிடும் என்பதால், தட்டையும் சீப்பையும் கைச்சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, சுமார் 55 முதல் 60 டிகிரியில் ஊற்றுவது நல்லது. ஜெல் உறைந்ததும் பஃபரில் மூழ்கவைத்து, குழிகளில் மாதிரிகளை இறக்கி, மின்முனைகளுக்கு இடையே சென்டிமீட்டருக்கு 5 வோல்ட் வீதம் மின்னழுத்தம் தர வேண்டும். டிஎன்ஏ எதிர்மின்னேற்றம் கொண்டது. குழிகள் கறுப்பு முனைப் பக்கமும் ஓட்டம் சிவப்பு முனையை நோக்கியும் இருக்கிறதா என்று மின்சாரத்தைத் தருமுன் பார்த்துக்கொள்ளவும். குளிர்ந்த பஃபரில் டிஎன்ஏ மெதுவாகவே நகரும். கையேட்டில் உள்ள நேரத்தை நம்பாமல், நீலச் சாயம் ஜெல்லின் முக்கால் பாகத்தைக் கடந்ததா என்பதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும். நேரம் போதவில்லை என்று மின்னழுத்தத்தைக் கூட்டினால் பெரிய துண்டுகள் ஒன்றோடொன்று நெருங்கிவிடும்.

அளவுகோல் மாதிரியாக, ஹிண்ட்-3 வெட்டிய லாம்டா டிஎன்ஏவை ஜெல்லின் இரு ஓரங்களிலும் இட வேண்டும். அதன் எட்டுத் துண்டுகளின் நீளங்கள் 23,130, 9,416, 6,557, 4,361, 2,322, 2,027, 564, 125 கார இணைகள். லாம்டாவின் இரு முனைகளும் ஒன்றோடொன்று ஒட்டக்கூடியவை என்பதால் 23,130 நீளத் துண்டும் 4,361 நீளத் துண்டும் இணைந்துகொள்ளும்; அப்படியானால் நான்காவது பட்டை மங்கிப்போகும். ஏற்றுவதற்கு முன் 65 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து உடனே பனிக்கட்டியில் இட்டால் அவை பிரிந்து நிற்கும். 500 நானோகிராம் லாம்டாவில் 125 நீளத் துண்டின் எடை ஒரு நானோகிராமுக்குச் சற்றே மேல் என்பதால் அது கண்ணுக்குத் தெரியாது. அதைத் தேட வேண்டியதில்லை.

புதிய மாணவர்களின் ஜெல்லில், ஈகோஆர்-1 வெட்டிய பிபிஆர்322 பிளாஸ்மிடுக்கும் ஒரு குழி ஒதுக்குமாறு சொல்வேன். அந்தப் பிளாஸ்மிடின் முழு நீளம் சரியாக 4,361 கார இணை. ஓரிடத்தில் வெட்டப்பட்டதும் அது லாம்டாவின் நான்காவது பட்டைக்கு நேர் எதிரே வந்து நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் ஜெல்லிலோ வெட்டிலோ குறை இருக்கிறது என்று பொருள்; அந்த ஜெல்லின் அளவுகளைக் கொண்டு வரைபடம் வரையக் கூடாது.

சாயமாக எத்திடியம் புரோமைடைப் பயன்படுத்துவோர் கையுறையின்றி அதைத் தொடக் கூடாது. அது மரபணுத் திரிபை உண்டாக்கக் கூடியது. அதன் கழிவை ஆய்வகத் தொட்டியில் ஊற்றவே கூடாது. நீலகிரியின் ஓடைகள் மோயாற்றுக்கும் பவானிக்கும் போய்ச் சேர்பவை; கீழே அந்த நீரைக் குடிப்பவர்களும் வயலுக்குப் பாய்ச்சுபவர்களும் இருக்கிறார்கள். கழிவுநீரைச் செயலூட்டிய கரியால் வடிகட்டி, கரியையும் ஜெல் துண்டுகளையும் நச்சுக் கழிவாகத் தனியே ஒப்படைக்க வேண்டும்.

பட்டைகளை வாசித்தல்

படம் எடுக்கும்போது ஜெல்லின் அருகே ஓர் அளவுகோலையும் வைத்து எடுக்கவும். குழியின் முன்விளிம்பிலிருந்து பட்டையின் முன்விளிம்பு வரையுள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து, அரை மடக்கைத் தாளில் லாம்டா துண்டுகளின் நீளத்தைச் செங்குத்து அச்சிலும் தூரத்தைக் கிடை அச்சிலும் குறித்தால், நடுப்பகுதியில் ஏறத்தாழ நேர்கோடு கிடைக்கும். மேலே, பத்தாயிரத்தைத் தாண்டிய இடத்தில், கோடு வளைந்துவிடும். அந்தப் பகுதியிலிருந்து படிக்கும் அளவுகளை நம்ப வேண்டாம். நடுப்பகுதியில்கூட ஐந்து சதவீதம் வரை பிழையை ஏற்றுக்கொண்டே கணக்கிட வேண்டும்.

வெட்டப்படாத பிளாஸ்மிட் பெரும்பாலும் இரண்டு பட்டைகளாகத் தெரியும். முறுக்கேறிய வடிவம் இறுகிச் சுருண்டிருப்பதால் வேகமாக ஓடும். ஓர் இழையில் முறிவு ஏற்பட்டுத் தளர்ந்த வளையம் மெதுவாக வரும். இவற்றின் நிலையை லாம்டா பட்டைகளோடு ஒப்பிட்டு நீளம் சொல்வது தவறு, ஏனெனில் அந்த அளவுகோல் நேர்த்துண்டுகளுக்கு மட்டுமே உரியது. வெட்டப்படாத குழியின் பயன் வேறு: நொதி இட்ட குழிகளில் அதே நிலைகளில் பட்டை எஞ்சியிருந்தால், வெட்டு முழுமையடையவில்லை என்று அது சொல்லிவிடும்.

பட்டையின் ஒளிச்செறிவையும் குறித்துக்கொள்ள வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஒரே குழியில் உள்ள துண்டுகள் எண்ணிக்கையில் சமம் என்பதால், நீளமான துண்டு கூடுதலாகவும் குட்டையான துண்டு குறைவாகவும் ஒளிர வேண்டும். கீழே உள்ள பட்டை மேலே உள்ளதைவிடப் பளிச்சென்று தெரிந்தால், ஒரே நீளமுள்ள இரண்டு துண்டுகள் ஒன்றாக ஓடியிருக்கின்றன என்று ஐயப்பட வேண்டும்.

வரிசையைக் கண்டுபிடித்தல்

முதலில் விடை தெரிந்த பிபிஆர்322 பிளாஸ்மிடில் பழகலாம். ஈகோஆர்-1, பாம்எச்-1, பிஎஸ்டி-1 ஆகிய மூன்றும் அதைத் தலா ஓரிடத்தில் வெட்டுகின்றன. ஈகோஆர்-1, பாம்எச்-1 இரண்டும் சேர்ந்தால் சுமார் 380, 3,980 நீளத்தில் இரண்டு துண்டுகள். ஈகோஆர்-1, பிஎஸ்டி-1 சேர்ந்தால் சுமார் 750, 3,610. பாம்எச்-1, பிஎஸ்டி-1 சேர்ந்தால் சுமார் 1,130, 3,230. சிறு துண்டுகளைப் பாருங்கள்: 380-உடன் 750-ஐக் கூட்டினால் 1,130. ஆகவே குறுகிய வில்லில் பிஎஸ்டி-1, ஈகோஆர்-1, பாம்எச்-1 என்ற வரிசையில், ஈகோஆர்-1 நடுவில் இருக்கிறது. ஈகோஆர்-1 நடுவில் இல்லாமல், மற்ற இரண்டும் அதன் ஒரே பக்கத்தில் இருந்திருந்தால் அவற்றுக்கு இடையே 370 மட்டுமே வந்திருக்கும்.

இனி, சற்றுக் கடினமான ஒரு கற்பனை வளையத்தை எடுத்துக்கொள்வோம். ஈகோஆர்-1 தனியாக 6,000 நீளத்தில் ஒரு பட்டையையும், பாம்எச்-1 தனியாக 6,000 நீளத்தில் ஒரு பட்டையையும் தருகின்றன. ஹிண்ட்-3 தனியாக 3,000 நீளத்தில் ஒரே பட்டையைத் தருகிறது. இரட்டை வெட்டுகளில், ஈகோஆர்-1 உடன் பாம்எச்-1 சேர்ந்தால் 4,500, 1,500. ஈகோஆர்-1 உடன் ஹிண்ட்-3 சேர்ந்தால் 3,000, 2,200, 800. பாம்எச்-1 உடன் ஹிண்ட்-3 சேர்ந்தால் 3,000, 2,300, 700.

முழு நீளம் 6,000 என்பதை முதல் இரு குழிகளும் சொல்லிவிட்டன. ஹிண்ட்-3 குழியின் கூட்டுத்தொகையோ 3,000 மட்டுமே. விடுபட்ட 3,000 எங்கே என்று கேட்டால், அந்தப் பட்டைக்குள்ளேயே இருக்கிறது: சம நீளமுள்ள இரண்டு துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடியிருக்கின்றன. ஆகவே ஹிண்ட்-3 வளையத்தை இரண்டு இடங்களில், நேரெதிராக வெட்டுகிறது. ஈகோஆர்-1 இந்த இரு பாதிகளில் ஒன்றை 2,200, 800 என்று பிரிக்கிறது. பாம்எச்-1 ஏதோ ஒரு பாதியை 2,300, 700 என்று பிரிக்கிறது. இரண்டும் ஒரே பாதியில் உள்ளனவா, வெவ்வேறு பாதிகளில் உள்ளனவா என்பதே எஞ்சிய கேள்வி.

இங்கே அவசரப்படாமல் எல்லா வாய்ப்புகளையும் தாளில் வரைய வேண்டும். இரண்டும் ஒரே பாதியில், ஒரே ஹிண்ட்-3 முனையின் அருகே இருந்தால் அவற்றுக்கு இடையே 100 மட்டுமே இருக்கும். ஜெல் 1,500 என்கிறது, எனவே அது விலகுகிறது. வெவ்வேறு பாதிகளில், வெவ்வேறு ஹிண்ட்-3 முனைகளின் அருகே இருந்தால் இடைவெளி ஒருபுறம் 3,100, மறுபுறம் 2,900 ஆகும், அதுவும் விலகுகிறது. ஒரே பாதியின் எதிரெதிர் முனைகளின் அருகே இருந்தால், 3,000-இலிருந்து 800-ஐயும் 700-ஐயும் கழித்து 1,500 கிடைக்கிறது, இது பொருந்துகிறது. ஒரே ஹிண்ட்-3 வெட்டிடத்தின் இருபுறமும், அதாவது ஒன்று இந்தப் பாதியிலும் மற்றது அந்தப் பாதியிலும் இருந்தால், 800-உம் 700-உம் கூடி மறுபடி 1,500, இதுவும் பொருந்துகிறது. இரண்டு வரைபடங்களும் ஏழு குழிகளின் தரவையும் ஒரு குறையுமின்றி விளக்கிவிடுகின்றன. இந்த இடத்தில் கையில் கிடைத்த முதல் வரைபடத்தோடு நிறுத்திக்கொள்பவர் பாதி வாய்ப்பில் தவறான படத்தை வரைந்திருப்பார்.

மூன்று நொதிகளையும் சேர்த்து வெட்டினால் முடிவு கிடைக்கும். முதல் வரைபடம் சரியென்றால், ஒரு பாதியில் வெட்டே விழாததால் 3,000 அப்படியே நிற்க, மற்றப் பாதி 800, 1,500, 700 என்று பிரியும். இரண்டாவது சரியென்றால் இரு பாதிகளும் வெட்டுப்பட்டு 2,300, 2,200, 800, 700 கிடைக்கும். 3,000 நீளப் பட்டையும் 1,500 நீளப் பட்டையும் இருக்கவே இருக்காது. 2,300-ஐயும் 2,200-ஐயும் ஜெல் பிரித்துக் காட்டாவிட்டாலும் கவலையில்லை. 3,000 இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் போதும். 800, 700 இரண்டையும் தெளிவாகப் பார்க்க விரும்பினால் அதே மாதிரியை 1.5 சதவீத ஜெல்லிலும் ஓட்டலாம்.

மும்மை வெட்டும் தீர்க்காத சிக்கல்களில், ஜெல்லிலிருந்து ஒரு துண்டை மட்டும் வெட்டியெடுத்துத் தூய்மையாக்கி, அதை அடுத்த நொதியால் வெட்டிப் பார்க்கலாம். எந்த வெட்டிடம் எந்தத் துண்டுக்குள் இருக்கிறது என்பதை அது நேராகவே காட்டிவிடும். அப்போது அது நேர்த்துண்டு என்பதையும், ஒரு வெட்டுக்கு இரண்டு துண்டுகள் வரும் என்பதையும் மறக்கக் கூடாது.

கணக்கு ஒத்துவராதபோது

கூட்டுத்தொகை முழு நீளத்தைவிடக் குறைந்தால், ஒன்றாக ஓடிய இரட்டைப் பட்டை அல்லது ஜெல்லை விட்டு வெளியேறிய சிறு துண்டு காரணமாகலாம். கூடுதலாக வந்தால் முதலில் ஐயப்பட வேண்டியது அரைகுறை வெட்டை. அப்படிப்பட்ட பட்டைகள் மங்கலாகவும் நீளத்துக்கு ஏற்ற ஒளியின்றியும் இருக்கும். நொதியையும் நேரத்தையும் இரட்டிப்பாக்கினால் மறைந்துவிடும். அப்போதும் மறையாவிட்டால், குழாயில் இரண்டு வகைப் பிளாஸ்மிடுகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஆய்வகங்களில் வளர்க்கும் ஈ. கோலை என்னும் பாக்டீரியாவில் இது அரிது. மண்ணிலிருந்து வந்த பாக்டீரியாக்களிலோ ஒரே செல்லில் பல பிளாஸ்மிடுகள் இருப்பது வழக்கமானதே.

நொதி வெட்டவே இல்லை என்றால் அங்கே வெட்டிடம் இல்லை என்று உடனே எழுதிவிடக் கூடாது. ஈ. கோலையின் டேம் நொதி ஜி-ஏ-டி-சி என்ற வரிசையில் உள்ள ஏ-வின் மேல் மெத்தில் குழுவைச் சேர்க்கிறது. இதனால் பிசிஎல்-1, எம்பிஓ-1 போன்ற நொதிகள் தமக்குரிய இடத்தை வெட்ட முடியாமல் போகின்றன. பாம்எச்-1 இதனால் பாதிக்கப்படுவதில்லை. அதே குழாயிலிருந்து எடுத்த நொதியால் லாம்டாவை வெட்டிப் பார்த்தால், நொதி செயலிழந்ததா, அல்லது பிளாஸ்மிடில் வெட்டிடம் இல்லாததோ மெத்தில் குழுவால் மறைக்கப்பட்டதோ காரணமா என்பது தெளிவாகும்.

வரைந்து முடித்தல்

வட்டத்தின் உச்சியில் ஈகோஆர்-1 வெட்டிடத்தைப் பூச்சியமாக வைத்து, கடிகாரச் சுற்றில் பாம்எச்-1 நொதியை 1,500-இல் குறித்தால், மும்மை வெட்டில் 3,000 நின்ற நம் கற்பனை வளையத்தில் ஹிண்ட்-3 வெட்டிடங்கள் 2,200-இலும் 5,200-இலும் அமையும். பாம்எச்-1 நொதியை இடப்புறம் வைத்திருந்தால் இதன் கண்ணாடிப் பிம்பம் கிடைத்திருக்கும். துண்டுகளின் நீளத்தை மட்டும் வைத்து இவ்விரண்டையும் வேறுபடுத்த முடியாது, வேறுபடுத்தத் தேவையும் இல்லை. திசை தெரிந்த மரபணு ஒன்று வளையத்தில் எங்கே உள்ளது என்று அறிந்த பிறகே வலம் இடம் என்பதற்குப் பொருள் வரும். அதுவரை படத்தின் அருகே திசை நிறுவப்படவில்லை என்று எழுதி வைக்கவும்.

படத்தை மை கொண்டு வரையுமுன் நான்காவது நொதி ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தனியாகவும், முன்னர் பயன்படுத்திய நொதிகளுள் இரண்டோடு தனித்தனியே சேர்த்தும் வெட்டவும். அதன் வெட்டிடத்தை அவ்விரு இரட்டை வெட்டுகளிலிருந்து கணித்து, மூன்றாவது நொதியோடு சேர்த்தால் எந்த நீளங்களில் பட்டைகள் வர வேண்டும் என்பதைக் குறிப்பேட்டில் எழுதித் தேதியிட்ட பிறகே அந்தக் குழியை ஓட்ட வேண்டும். எழுதிய எண்களும் ஜெல்லின் எண்களும் ஐந்து சதவீதத்துக்குள் ஒத்துவந்தால் படத்தை இறுதியாக்கலாம்; ஒத்துவராவிட்டால் ஏழு குழிகளின் கூட்டுத்தொகைகளையும் மறுபடி முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும்.